சுமையாவுக்கு எந்தக் கேமரா?

கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்கிற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் மெகாபிக்சல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எனக்கும் இருந்தது, உங்களுக்கும் இருக்கும், போகப் போகச் சரியாகும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில், கேமரா கவுண்டரில் நின்று நின்றே என் முழங்கால் தேய்ந்தது. இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், "அக்கா, ஏதாவது எழுதிக் குடுங்க" என்று நச்சரித்ததால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கென்ன வந்தது, சீரியல் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நீங்கள் கேட்டது இதுதான். பிள்ளைக்குப் போட்டோ எடுப்பதில் ஆசை, எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? "போன்லயே நல்லா வருதே" என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். ஏம்மா, அப்புறம் உனக்கு எதற்குச் சம்பளம்? போன் வீட்டில் எல்லோருக்கும் பொது. பரீட்சை, பாட்டு, பேங்க், மாமா கல்யாண வீடியோ என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். பிள்ளைக்கு என்று ஒரு சாமான் கையில் இருந்தால் அது பார்க்கிற பார்வையே வேறு.

அப்பாக்கள் வந்தால் லென்ஸின் நீளத்தைத்தான் பார்ப்பார்கள். முன்னால் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் திருப்தி. அம்மாக்கள், "கீழ விழுந்தா உடையுமா?" என்பார்கள். யாருக்காக வாங்குகிறோமோ அந்தப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். என் முதலாளி மட்டும் கேட்பார். பிள்ளையின் உள்ளங்கையைக் கவுண்டர் கண்ணாடி மேல் விரிக்கச் சொல்வார். அந்தக் கைக்கு அடங்காத கேமராவை வெளியே எடுக்கவே மாட்டார், வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. அவரிடம் நான் கற்றது அது. இன்னொன்றை நானாகக் கற்றேன். அதற்குக் காரணம் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

ஒரு நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். ஒரு வாப்பா, உம்மா, பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண் பிள்ளை. அவர் துபாயில் வேலை பார்க்கிறவர், விடுமுறையில் வந்திருக்கிறார். வெளிநாட்டுக்குப் போய் வருகிறவரை அந்தப் பக்கத்தில் சபராளி என்பார்கள். பார்த்தாலே தெரிந்துவிடும், சட்டையில் மடிப்பு கலையாமல், அத்தர் மணக்க வருவார்கள். கையில் ஒரு பெரிய கேமராவோடு வந்தார். நல்ல கேமரா, நம் கடையில் ஷோகேஸின் மேல்தட்டில் வைக்கிற ரகம்.

"அக்கா, போன லீவுக்கு வாரப்ப மகளுக்காக நானே அங்கேருந்து கொண்டாந்தது. நேத்து எடுத்துப் பாத்தா படம் பூராவும் பனி மூடுனாப்புல வருது. என்னன்னு பாருங்க."

நான் வாங்கிப் பார்ப்பதற்குள் எங்கள் சர்வீஸ் தம்பி பாய்ந்து வந்துவிட்டான். கெட்டிக்காரன்தான், வாய்தான் கைக்கு முன்னால் ஓடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான்.

"பாய், உள்ள பூஞ்ச புடிச்சிருக்கு. எடுக்காம பூட்டியே வச்சிருந்தாத்தான் இப்புடி ஆகும். கழுத்துப் பட்டையப் பாருங்க, மடிப்பே கலையல. யாரும் தொடவே இல்ல போல."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அந்த மனுஷர் முகம் விழுந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"தொடவே இல்லையா புள்ள?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ ஆசப்பட்டுக் கேட்டேன்னுதானே கொண்டாந்தேன்? அங்கன ரூம்ல இருக்குற எல்லார்ட்டயும் எம்மக போட்டோ எடுப்பா, எம்மக போட்டோ எடுப்பான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு படம் அனுப்பச் சொல்லுன்னு அவனுகளும் கேக்குறானுக. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கேமராவைக் கவுண்டரில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"அக்கா, இத நீங்களே எடுத்துக்கங்க. பதிலுக்கு எங்க சின்ன மகனுக்கு ஒரு டேப்லெட் குடுங்க, அவன் படிப்புக்காவது ஆகும். சனிக்கிழம எனக்குப் பயணம். இவளுக்கு இனிமே கேமராங்குற பேச்சே வேணாம்."

வியாபாரம் என்று பார்த்தால் லட்டு மாதிரி வந்த கேஸ். பழையது ஒன்று உள்ளே, புதிது ஒன்று வெளியே, இரண்டிலும் கடைக்கு லாபம். தம்பி அதற்குள் டேப் டப்பாக்களை எடுக்கத் திரும்பிவிட்டான். நான் கேமராப் பையை மூடுவதற்காகக் கையில் எடுத்தேன். குப்பென்று அந்துருண்டை வாசம் அடித்தது. பட்டுச் சேலைக்கு நடுவில் பூச்சி வராமல் போட்டு வைப்போமே, அதே உருண்டைதான். பைக்குள் ஒன்று ஓரமாகக் கிடந்தது. கேமராப் பைக்குள் அந்துருண்டை போடுகிற பிள்ளை உலகத்தில் உண்டா? அது ஒரு குடும்பத் தலைவி செய்கிற காரியம்.

நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தேன். கறுப்புப் புர்காவில் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் என் கையில் இருந்த பையை விட்டு நகரவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் கடற்கரைப் பக்கம் சில வீடுகளில் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். சபராளி கொண்டு வந்த சாமானை அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் புழங்க மனசு வராது. பிரித்துப் பார்ப்பார்கள், அழகு பார்ப்பார்கள், திரும்ப அப்படியே பெட்டியில் வைத்துப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். அவர் அடுத்த தடவை வந்து இறங்கும்போது புதுக்கருக்கு அழியாமல் எடுத்து முன்னால் வைக்க வேண்டும். மனுஷர் அத்தனை தூரத்தில் இருந்து சுமந்து வந்தது ஆயிற்றே. கேலி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், அதில் இருப்பது முழுக்கப் பாசம். ஆனால் கம்பளியைப் பூட்டி வைத்தால் கம்பளி அப்படியே இருக்கும், லென்ஸ் அப்படி இருக்காது. நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கும். வெளிச்சம் படாமல் அடைத்து வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை கிளம்பிவிடும். தினமும் எடுத்துத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது நான் என்ன செய்ய? உம்மாதான் பூட்டி வைத்தார் என்று போட்டு உடைத்தால், ஊருக்குப் போகப் போகிற புருஷனுக்கு முன்னால், கடையில் வைத்து, அந்தப் பெண்ணை நான் தலைகுனிய வைத்ததாகிவிடும். மிச்ச லீவும் அந்த வீட்டில் நரகம்தான். சொல்லாமல் விட்டால் பிள்ளையின் கேமரா டேப்பாக மாறிப் போய்விடும். அந்தப் பிள்ளையும் உம்மாவைக் காட்டிக் கொடுக்காமல் அடக்கிக்கொண்டு நிற்கிறது.

"உம் பேரு என்னம்மா?" என்றேன்.

"சுமையா."

"உங்க உம்மா போன்ல படம் எடுப்பியா?"

தலையை ஆட்டினாள். வாப்பா சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க, நீ எடுத்ததக் காட்டு பாப்போம்."

"இல்ல. எடம் இல்லன்னு அழிச்சாச்சு."

உம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார், அதுவும் எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "போன் நெறஞ்சு போச்சுக்கா. அவங்க அனுப்புன வாய்ஸ் எல்லாம் அதுலதான் கெடக்கு. அத அழிக்க மனசு வரல."

காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. சரி, இனி ஒரே வழிதான். கவுண்டர் மேல் டெமோவுக்கு வைத்திருந்த சின்னக் கேமராவை எடுத்தேன். கைக்குள் அடங்குகிற சைஸ், தண்ணீரில் விழுந்தாலும் தரையில் விழுந்தாலும் தாங்குகிற வகை. பிள்ளையின் மணிக்கட்டில் கயிற்றை மாட்டிவிட்டேன்.

"வெளிய போயி உனக்குத் தோணுனத எடுத்துட்டு வா. ரோட்டோரம் நிக்கிற நுங்கு வண்டியத் தாண்டிப் போயிராத."

"என்னத்த எடுக்க?"

"அத நான் சொன்னா அது என் படமாயிரும். போ."

டெமோ கேமரா கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். ஒரு தடவை, வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று எடுத்துப் போன மகராசன் ஒருவன் இன்று வரை திரும்பி வரவில்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். தம்பிதான் பதறினான்.

"அக்கா, டெமோ பீஸுக்கா! முதலாளி வந்தா..."

"ஏலே, நீ பேசுனதே இன்னைக்குப் போதும். போயி டீ சொல்லு."

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்குக்கா இதெல்லாம்? அவளுக்கு ஆச விட்டுப்போச்சு. விடுங்க."

"பாய், விக்கிறதுன்னு நீங்க முடிவு பண்ணியாச்சு, நானும் வேணாம்னு சொல்லல. ஒரு டீ குடிக்கிற நேரம் எனக்குக் குடுங்க. பூஞ்ச புடிச்சது உங்க வீட்டுல மட்டும் இல்ல, கடலோரத்துல பத்திரமா வச்சிருக்கவுக எல்லாருக்கும் வாரதுதான். பத்திரமா வைக்கலைன்னா வந்திருக்காது."

அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பெரிய கேமராவைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீ வந்தது. கையில் வாங்கினார், குடிக்கவில்லை. உம்மா அவருக்குப் பின்னால் நின்றார்.

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தாள். நுங்கு வண்டிக்காரரிடம் ஏதோ கேட்டாள், குனிந்தாள், எழுந்தாள். அப்புறம் ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. பஸ் போன பிறகு பார்த்தால் அவளைக் காணோம். எனக்குத் திக்கென்றது. கேமராவாவது போகட்டும், பிள்ளையல்லவா? ரோட்டில் போகிற பஸ்காரன் எவனுக்குப் பிரேக் இருக்கிறது? உம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். நான் தம்பியை ஓடிப் போய்ப் பார்க்கச் சொல்ல வாயெடுத்த நேரத்தில், கடையின் பக்கவாட்டுச் சந்திலிருந்து வந்து படியேறினாள். முழங்கால் இரண்டிலும் புழுதி.

தம்பி கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். நான் கதை விட மாட்டேன். முதலில் இருந்தவை சுமார்தான். ஒன்றில் பாதிப் படத்தை அவள் விரலே அடைத்திருந்தது. ஒன்று ஆடிப் போயிருந்தது. அடுத்து நுங்கு வண்டிக்காரரின் கை, பெருவிரல் நுங்குக்குள் இறங்குகிற சமயம். அதைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அந்த விரல்தான் வேண்டும் என்று நின்று எடுத்த படம் அது.

கடைசியாக ஒன்று இருந்தது. சந்துப் பக்கம் இருந்த கண்ணாடிக்கு வெளியே மண்டியிட்டு உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். உள்ளே ஸ்டூலில் அவள் வாப்பா. மடியில் கேமரா, கையில் ஆடை படிந்த டீ, குனிந்த தலை. பின்னால் நிற்கிற உம்மாவின் கை அவர் தோளுக்குப் பக்கம் வரைக்கும் வந்து, தொடாமல் நிற்கிறது. நாங்கள் இத்தனை பேர் உள்ளேயே இருந்தோம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பாய் டீயைக் கவுண்டரில் வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். போன் என்று நினைத்து இரண்டு விரலால் திரையை விரித்தார், ஒன்றும் நடக்கவில்லை. தம்பி பொத்தானை அழுத்திப் பெரிதாக்கிக் கொடுத்தான். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் தலையா இது? இம்புட்டா நரச்சுப்போச்சு?"

"ஆமா வாப்பா," என்றாள் சுமையா. "வீடியோ கால்ல தெரியாது. நீங்க தொப்பி போட்டுக்கிட்டுத்தான் பேசுவீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வெளிய எடுக்க எம்புட்டோ இருக்கையில, என்னைய எதுக்குப் புள்ள எடுத்த?"

"சனிக்கிழம போயிருவீங்கள்ல."

உம்மா அவருக்கு முன்னால் வந்து பேசினார். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை.

"மச்சான், நாந்தான் பூட்டி வச்சேன். அவ கேட்டுக்கிட்டேதான் இருந்தா. வாப்பா வரட்டும், வாப்பா வரட்டும்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்க சொமந்துக்கிட்டு வந்தது... கீறல் விழுந்துருமோன்னு பயமா இருந்துச்சு. நீங்க வந்து பாக்கயில புதுசா இருக்கணும்னு நெனச்சேன்."

அவர் கத்துவாரோ என்று நான் நடுவில் புகத் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"அவ எடுக்கத்தானே வாங்குனேன் புள்ள. எனக்கு எதுக்குப் புதுசா? நான் அங்கன தெனமும் புதுசத்தான் பாக்குறேன்." சின்னக் கேமராவை மகளின் மணிக்கட்டில் திரும்ப மாட்டிவிட்டு, அவள் தலையில் கை வைத்தார். "நான் சத்தம் போட்டப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உம்மாவத் திட்டுவீங்க," என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்.

இதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? சபராளியின் மனசை நீங்கள் அறியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அப்ப இத விடப் பெருசா, நல்லதா ஒண்ணு எடுங்க. மேல்தட்டுல இருக்கே, அது என்ன?" என்றாரே பார்க்கலாம்! தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அவன் காலை மிதித்தேன்.

"பாய், பெருசு வாங்கிக் குடுத்தா அது திரும்பவும் பீரோவுக்குத்தான் போகும். அவுகள நம்பாம சொல்லல. எனக்கு யாராச்சும் அத வாங்கிக் குடுத்தா நானும் பூட்டித்தான் வைப்பேன்."

அதன் பிறகு அவரிடம் பேசவில்லை, அவர் மனைவியிடம் பேசினேன். "நீங்க சொல்லுங்க. இவ கையில எதக் குடுத்து வெளிய அனுப்புனா உங்களுக்கு மனசு அடிச்சுக்காது?" அவர் யோசிக்கவே இல்லை. மகளின் மணிக்கட்டில் தொங்கிய சின்னக் கேமராவைக் காட்டினார்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. பிள்ளையின் கையைப் பாருங்கள், முதலாளி சொன்ன மாதிரி. அதோடு அந்த வீட்டில் பூட்டும் சாவியும் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இது வீட்டில் எங்கே இருக்கும்? பத்திரமாக வைப்போம் என்று பதில் வந்தால், ஒரு படி கீழே இறங்கி வேறு கேமரா காட்டுங்கள். மேஜை மேலே கிடக்கும், பிள்ளை பையில் கிடக்கும் என்கிற பதில் வரும் வரைக்கும் இறங்குங்கள். லாபம் குறையத்தான் செய்யும். முதலாளி என்னிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், டெமோ பீஸ் வாசலைத் தாண்டியதற்கும் சேர்த்து. மறு வாரம் அவராகவே டீ வாங்கிக் கொடுத்தார்.

பெரிய கேமராவை அவர்கள் விற்கவில்லை. மதுரைக்கு அனுப்பிப் பூஞ்சையைச் சுத்தம் செய்து தரச் சொல்லி எங்களிடம் விட்டார்கள். அவள் கை கொஞ்சம் வளரட்டும், அதற்குப் பிறகு அது ஆகும் என்று சொன்னேன். எடுத்தால் தினமும் எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். சின்னது ஒன்று புதிதாக எடுத்தோம். தம்பி பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, நேரம் சரி செய்து சுமையாவின் கையில் கொடுத்தான். பிறகு பெட்டியைப் பழையபடி மூடி, பையில் போட்டுக் கவுண்டர் மேல் வைத்தான்.

உம்மா அந்தப் பையை எடுத்தார். படிவரைக்கும் போனார். அங்கே நின்றார். திரும்பி வந்து, பெட்டியை எடுத்துக் கவுண்டர் மேலேயே வைத்தார்.

"இது இங்கனயே இருக்கட்டும்க்கா."

"மாமி, வாரண்டிக்குப் பெட்டி..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"பில்லு போதும், நீ சும்மா இருலே," என்றேன்.

"பெட்டி வீட்டுக்கு வந்தா, நான் உள்ள வச்சுப் பூட்டிருவேன்," என்றார் அவர். "என்னைய எனக்குத் தெரியும்."

பாய் வெடித்துச் சிரித்தார். சுமையா அதற்குள் படியிறங்கி, வெயிலில் நுங்கு வண்டியைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள். புதுக் கேமரா கயிற்றில் ஆடி, படியோரக் கம்பியில் ணங்கென்று இடித்தது. "ஏ புள்ள, பாத்து..." என்று உம்மா கத்த ஆரம்பித்தார். பாதியிலேயே முகத்திரைக்கு மேல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக மகளுக்குப் பின்னால் இறங்கிப் போனார்.